பைபர் பாடி ஸ்போர்ட்ஸ் காரைப் பெயின்டுக்குத் தயார்ப்படுத்துவது: மட்டக்களப்பு வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் ஏற்ற முழு வழிகாட்டி

மட்டக்களப்பில் பைபர் என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாவலடியிலிருந்து வாகரை வரை கரையில் இழுத்து வைத்திருக்கும் போட்களைப் பார்த்தாலே போதும். 2004 சுனாமி பழைய வள்ளங்களை அள்ளிக்கொண்டு போனபிறகு இந்தக் கரைக்குப் பைபர் போட்கள் நிறைய வந்தன. அவற்றை ஒட்டவும் தேய்க்கவும் பழகிய கைகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றன. ஆனால் அதே பைபர் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் பொனட்டாக கராஜுக்குள் வந்துவிட்டால், அதைத் தகரத்தைப் போலவே கையாளத் தொடங்கிவிடுகிறோம். பழைய பெயின்டை எடுக்க ரிமூவர் ஊற்றுகிறோம், ஹீட் கன் பிடிக்கிறோம், எட்ச் ப்ரைமர் அடிக்கிறோம். மூன்றும் பிழை.

நான் போட் ஒட்டும் என் மாமாவிடம் ரெசின் வேலை (பைபர் இழைகளை ஒட்டி இறுக்கும் பிசின்தான் ரெசின்) பழகிய பிறகுதான் கார் பெயின்டுக்கு வந்தவன். அவர் ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்: "மருமகன், தகரம் ஒண்டையும் குடிக்காது. பைபர் குடிக்கும். குடிச்சதை ஒருநாளைக்குக் கக்கும்." தண்ணீர், தின்னர், மெழுகு, சிலிக்கன், உப்பு எல்லாம் நுண்ணிய துளைகள் வழியாக உள்ளே போகும். போனது வெயில் ஏறும்போது பெயின்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்த ஒன்றைச் சுற்றித்தான் இருக்கிறது: பைபருக்குள் எதையும் புதிதாக விடாமல் இருப்பது, ஏற்கெனவே உள்ளே போனதை வெளியேற்றுவது, அதற்குப் பிறகு மூடுவது.

முதலில் அது என்ன பைபர் என்று பாருங்கள்

1953இல் அமெரிக்காவில் கொர்வெட் ஸ்போர்ட்ஸ் கார் வந்தபோது பைபர் பாடியோடு வரிசையாகத் தயாரிக்கப்பட்ட முதல் கார்களில் ஒன்றாக அது இருந்தது. 1957இல் லோட்டஸ் எலீட், 1962இல் லோட்டஸ் எலான் என்று பிரிட்டனிலும் அந்த வழி வளர்ந்தது. எல்லாவற்றையும் பைபர் என்றே சொல்கிறோம், ஆனால் அவை எல்லாம் ஒரே பொருள் அல்ல. பிழையான ரெசினை வைத்தால் ஒட்டு அப்படியே கழன்று வந்துவிடும்.

பனலைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள். இழைகள் தாறுமாறாகக் கிடப்பது தெரிந்து, கை வைத்தால் சொரசொரப்பாக இருந்தால் அது கையால் மேட் (வெட்டிய இழைகளைப் பாய் போல ஒட்டிய விரிப்பு) போட்டு ரெசின் பூசிச் செய்தது. நம் போட்களும் பழைய பிரிட்டிஷ் கார்களும் உள்ளூரில் வார்த்து வரும் பொடிகிட்களும் இந்த வகைதான். முன்னும் பின்னும் ஒரே மாதிரி வழவழப்பாக, சாம்பல் அல்லது கறுப்பு நிறத்தில், விறைப்பான விலா எலும்புகள் போன்ற வார்ப்போடு இருந்தால் அது அச்சில் சூடாக்கி அமுக்கிச் செய்தது, எஸ்.எம்.சி. என்பார்கள். பிந்திய கொர்வெட்கள் இந்த வகை. பாய் பின்னியது போலக் கறுப்பு நெசவு தெரிந்தால் கார்பன்.

இவற்றோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொன்றும் உண்டு. இன்றைய பெரும்பாலான கார்களின் பம்பர் பைபரே அல்ல, வளையும் பிளாஸ்டிக். பின்பக்கத்தில் எந்தப் பிளாஸ்டிக் என்று எழுத்து அச்சடித்திருக்கும். கையால் அமுக்கினால் வளைந்து திரும்பி வரும். அதற்கு வேறு ப்ரைமர், வேறு முறை. இந்தக் கட்டுரை அதற்கானதல்ல.

எந்த மாதத்தில் தொடங்குவது

நவம்பர் தொடங்கி ஜனவரி வரை மாரி மழை. அந்த நேரத்தில் பைபர் காரைத் திறக்காதீர்கள். சுரண்டிய பைபர் மழைக்காற்றிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த காலம் மே முதல் செப்டம்பர் வரை. கச்சான் காற்று வீசி, நிலமே வெடித்துக் கிடக்கும் அந்த நாட்களில் பைபர் தானாகவே காயும். தூசுதான் தொல்லை. அதற்கு வழி இருக்கிறது, ஈரத்துக்கு மாற்று வழி இல்லை.

காரின் சொந்தக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: கலர் அடிப்பது ஒரு நாள் வேலை, அதற்கு முந்திய வேலை ஒரு மாதம். ஒரு கிழமையில் வேண்டும் என்பவருக்கு இந்த வேலையைச் செய்து கொடுக்க முடியாது. இதைச் சொல்லி வேலையை இழந்திருக்கிறேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

கழுவுவது தேய்ப்பதற்கு முன்

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் சாண்ட்பேப்பர், பிறகு துடைப்பு. பழைய பொலிஷிலும் மெழுகிலும் சிலிக்கன் இருக்கும். அதன் மேல் தேய்த்தால் அது கீறல்களுக்குள் புதைந்துவிடும். அப்புறம் எந்தத் தின்னரும் அதை முழுதாக எடுக்காது. கலர் அடித்த உடனே மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நிற்பது இதனால்தான்.

லைட், பட்ஜ், கைப்பிடி, ரப்பர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முன் கதவு இடைவெளிகளை அளந்து, படமும் எடுத்து வையுங்கள். பைபர் பனல்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துவது அபூர்வம். அந்தக் குறையைச் சரிசெய்ய வேண்டிய நேரம் பெயின்டுக்கு முன்புதான்.

பிறகு நல்ல தண்ணீரும் சோப்பும். 'நல்ல' தண்ணீர் என்று ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் நம் ஊர்களில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீர் காய்ந்தால் உப்பு மிஞ்சும். பெயின்டுக்கு அடியில் மாட்டிய உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கொப்புளமாக்கும். சோப்புக்குக் கிணற்றுத் தண்ணீர் இருக்கட்டும், கடைசி அலசலுக்குக் குழாய்த் தண்ணீர் எடுங்கள்.

காய்ந்ததும் மெழுகும் எண்ணெயும் எடுக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும். இரண்டு துணி முறை: ஒரு துணியை நனைத்துப் பூசுங்கள், அது காயுமுன் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். காயவிட்டால் கரைந்த மெழுகு அதே இடத்தில் மீண்டும் படியும். இரண்டடிக்கு இரண்டடி என்று பிரித்துக்கொண்டு, துணியைப் புரட்டிப் புரட்டி எடுங்கள். பெட்ரோலால் துடைப்பதை விட்டுவிடுங்கள். அதுவே எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும், தீப்பிடிக்கவும் செய்யும்.

புதிதாக வார்த்து வந்த பனல் என்றால் இந்தப் படி இன்னும் முக்கியம். அச்சிலிருந்து கழல்வதற்காகப் பூசிய மெழுகு அதன் முகம் முழுக்க இருக்கும். சிலர் தண்ணீரில் கரையும் ஒரு படலமும் பூசுவார்கள். இளஞ்சூட்டு நீரில் முதலில் அதைக் கழுவி, பிறகு மெழுகை எடுங்கள். புதுப் பனல் இன்னும் முழுதாக இறுகியும் இருக்காது. காரில் பூட்டி, அல்லது வளையாமல் நன்றாகத் தாங்கி, இரண்டு மூன்று கிழமை வெயிலில் விடுங்கள். சுருங்க வேண்டியது பெயின்டுக்கு முன்பே சுருங்கட்டும்.

பழைய பெயின்டை எடுப்பது

நான் மிகப் பெரிய பிழை செய்த இடம் இது. தொழிலுக்கு வந்த புதிதில், பழைய இரண்டு சீட் கார் ஒன்றின் பொனட்டுக்குத் தகரத்துக்கு ஊற்றும் அதே பெயின்ட் ரிமூவரை ஊற்றினேன். பெயின்ட் அரை மணிநேரத்தில் சுருண்டு வந்தது. நன்றாகக் கழுவிக் காயவைத்துத்தான் அடித்தேன். கையில் கொடுக்கும்போது கண்ணாடி போல இருந்தது. மூன்று மாதம் கழித்து சொந்தக்காரர் காரைக் கொண்டுவந்து ஒன்றும் பேசாமல் பொனட்டைக் காட்டினார். மிளகு தூவியதுபோல முழுக்கச் சின்னச் சின்னக் கொப்புளம். ஊசியால் ஒன்றைக் குத்தினேன். ரிமூவர் வாசம் வந்தது. என் செலவில் முழுதையும் சுரண்டி, ஒன்றரை மாதம் வெயிலில் போட்டு, மீண்டும் அடித்துக் கொடுத்தேன். ரிமூவர் ரெசினையே இளக்கும், துளைகளுக்குள் போய் ஒளிந்தும் கொள்ளும். பைபருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கும் ரிமூவர்களும் உண்டு. கையால் எடுக்க முடிகிற வரை நான் அவற்றையும் தொடுவதில்லை.

ஹீட் கன்னும் வேண்டாம். சாதாரண பொலியெஸ்டர் ரெசின் தண்ணீர் கொதிக்கும் சூட்டுக்கு முன்பே இளகத் தொடங்கும். ஹீட் கன்னின் காற்றோ பல நூறு பாகை. மணல் வீசி எடுப்பது பைபரின் மேல்தோலான ஜெல்கோட்டையே தின்றுவிடும்.

அப்படியென்றால் எதனால் எடுப்பது? பிளேடு. அகலமான, கூர்மையான பிளேடைக் கைப்பிடியில் பூட்டி, பனலோடு மிகவும் தாழ்வாகச் சாய்த்துப் பிடித்து, உங்கள் பக்கமாக இழுக்காமல் முன்னோக்கித் தள்ளுங்கள். பல முறை பெயின்ட் அடித்த காரில் இது அருமையாக வேலை செய்யும். மேல் பெயின்ட் மரச்சீவல் போலச் சுருண்டு வரும். அதற்கடியில் இன்னொரு கலர், அதற்கும் அடியில் ப்ரைமர். ஜெல்கோட்டைத் தொட்டதும் சத்தம் மாறும்: 'சர்ர்' என்று மெதுவாக வந்தது 'கீச்' என்று கண்ணாடியில் உரசுவதுபோலக் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டதும் நிறுத்துங்கள். பிளேடின் இரு மூலைகளையும் முன்பே சற்று உருட்டித் தேய்த்து வைத்தால் பனலில் கோடு விழாது. வளைவுகளிலும் ஓரங்களிலும் பிளேடைத் தொடாதீர்கள், அங்கே சாண்ட்பேப்பர்தான்.

பிளேடு பிடிக்காத பெயின்டுக்குச் சுற்றித் தேய்க்கும் மெஷினில் 80 நம்பர் சாண்ட்பேப்பர் (நம்பர் கூடக் கூட மென்மை). ஜெல்கோட்டை நெருங்கும்போது 180க்கு மாறுங்கள். மெஷினை ஒரே இடத்தில் நிறுத்தாதீர்கள், சூடு ஏறும். ஜெல்கோட் என்பது அரை மில்லிமீட்டரைச் சுற்றியுள்ள ஒரு தோல். அது கிழிந்தால் அடியிலிருக்கும் காற்றுக்குமிழ்கள் திறந்துகொள்ளும். ஒரு குமிழைத் திறந்தால் ஒரு நாள் வேலை கூடும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பழைய பெயின்ட் எங்கும் வெடிக்காமல் இறுக்கமாக நின்றால் அதை முழுதாக எடுக்க வேண்டியதும் இல்லை. தேய்த்துச் சமப்படுத்தி அதன்மேலேயே போகலாம்.

இந்தக் கட்டத்தில் ஈரச் சாண்ட்பேப்பர் வேண்டாம். உலர் தேய்ப்பு மட்டும். தூசு அதிகம் வரும், ஆனால் தூசைத் துடைத்துவிடலாம்.

உடம்பைக் காப்பது

முகத்தில் துணி கட்டிக்கொண்டு பைபர் தேய்ப்பவர்களை இன்னமும் பார்க்கிறேன். மனம் பதறுகிறது. துணி பைபர் தூசைத் தடுக்காது. தேய்க்கும்போது முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் தூசு மாஸ்க், கண்ணாடி, முழுக்கைச் சட்டை. வேலை முடிந்ததும் முதலில் குளிர்ந்த தண்ணீரில் தேய்க்காமல் கழுவுங்கள். தேய்த்தால் இழை தோலுக்குள் ஏறி இரவெல்லாம் அரிக்கும். கார்பன் தூசு மின்சாரத்தைக் கடத்தும். மெஷினுக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும் போனால் ஷோட் ஆகும்.

இறுகுவதற்காக ஹார்டனர் கலக்கும் ப்ரைமரும், கலருக்கு மேலே வரும் கிளியரும் அடிக்கும்போது தூசு மாஸ்க் போதவே போதாது. பெரும்பாலான அந்த ஹார்டனர்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருவருக்கு ஆஸ்துமாவைக் கொண்டுவந்தால், பிறகு துளி வாசமே மூச்சை அடைக்கும். தொழிலை விட்டே போக வேண்டிவரும். வெளியிலிருந்து சுத்தமான காற்று குழாயில் வரும் மாஸ்க்தான் சரியானது. அது இல்லாத இடத்தில் இந்த வேலையை அது இருக்கிற கடையில் கொடுத்து அடியுங்கள்.

வெயிலில் காயவைப்பது

பெயின்ட் எடுத்த பனலை இரண்டு கிழமையாவது உலரவிட வேண்டும். கொட்டகைக்கு வெளியே, நேராகத் தாங்கி, பகலில் வெயில் படும்படி. மாலை நாலரைக்கே உள்ளே எடுத்துவிடுங்கள். நம் பக்கத்தில் இரவுப் பனியும் உப்புக்காற்றும் பகல் முழுக்கக் காய்ந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

காய்ந்ததா என்று பார்க்க ஒரு சோதனை. தெளிவான பொலித்தீன் துண்டைப் பனலில் விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, வெயிலில் மூன்று நாலு மணிநேரம் விடுங்கள். உள்பக்கம் பனித்துளி படிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஒரு கிழமை கழித்து மீண்டும் பாருங்கள். பல வருடம் திறந்தவெளியில் கிடந்த காரின் பொனட் ஒன்று நாலாம் கிழமைதான் இந்தச் சோதனையில் தேறியது.

வெடிப்புகளும் ஒட்டும்

காய்ந்து கிடக்கும் இந்த நாட்களில் பனலைச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்து, குறைகளைப் பென்சிலால் வட்டமிடுங்கள். சிலந்தி வலை மாதிரிப் பரவும் மெல்லிய வெடிப்புகள் ஜெல்கோட்டில் மட்டும் இருக்கலாம். அதன்மேல் பட்டி (குழி நிரப்பும் பசை) போட்டு மூடினால் சில மாதத்தில் அதே வலை கலரில் தெரியும். வெடித்த ஜெல்கோட்டை அந்த இடம் முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, மிக மெல்லிய டிஷ்யூ மேட் ஒன்றை ரெசினோடு படிய வைத்து, அதன்மேல் பட்டி போடுங்கள். வெடிப்பு ஏன் வந்தது என்றும் பாருங்கள். பெரும்பாலும் பின்பக்கத்தில் ஒரு போல்ட் அளவுக்கு மீறி இறுக்கியிருக்கும், அல்லது தாங்கல் விட்டுப்போயிருக்கும்.

பனலையே பிளந்த வெடிப்புக்கு முதலில் பின்பக்கம். அங்கே எண்ணெயும் சேறும் படிந்திருக்கும். சுத்தம் செய்து, 40 நம்பரில் கரடாக்கி, இரண்டு மூன்று மேட் போட்டுப் பலப்படுத்துங்கள். அது இறுகியதும் முன்பக்கம் வெடிப்பின் இரு பக்கமும் சாய்வாகத் தேய்த்து இறக்குங்கள். சாய்வு பனலின் தடிப்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு நீளம் இருக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் பனலுக்குப் பக்கத்துக்கு 36 மில்லிமீட்டர். இது அதிகம் என்று தோன்றும். ஆனால் ஒட்டு நிற்பது அந்தச் சாய்வின் பரப்பில்தான்.

450 கிராம் மேட் ஒரு படை போட்டால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வரும். மேட்டின் எடைக்கு இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின். சாய்வுக்குள் துண்டுகளைப் படிப்படியாக அளவு மாற்றி வெட்டி அடுக்கி, பிரஷால் தேய்க்காமல் குத்திக் குத்தி, பிறகு ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். வெள்ளையாகத் தெரியும் இடம் காற்று அல்லது காய்ந்த இழை. முழுக்கக் கண்ணாடி மாதிரித் தெளியும் வரை விடாதீர்கள்.

ஹார்டனர் அளவில் நம் வெயிலை மறக்கக்கூடாது. 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 மில்லிலீட்டர் என்பது வழமை. நண்பகலில் 2 கலந்தால் கோப்பையிலேயே கட்டியாகி, புகைவிடும். நான் காலை ஏழு மணிக்கு, 1 மில்லிலீட்டரோடு தொடங்குவேன். வேகத்தைக் குறைக்க அதற்கும் கீழே போகாதீர்கள். போனால் ரெசின் என்றைக்கும் முழுதாக இறுகாது. மிஞ்சிய ரெசினைக் கோப்பையில் விட்டுவைக்காமல் வெளியே ஒரு தகரத்தில் மெல்லியதாக ஊற்றிவிடுங்கள். ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே கால் மணிநேரமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முடுக்கியாகச் சேர்க்கும் கோபால்ட்டை ஹார்டனரோடு நேரடியாக ஒருபோதும் கலக்காதீர்கள், வெடிக்கும். கடையில் வாங்கும் ரெசினில் அது பெரும்பாலும் முன்பே கலந்திருக்கும்.

போட் கடையில் கிடைக்கும் பொலியெஸ்டர் ரெசின் கையால் செய்த பனலுக்குச் சரி. எஸ்.எம்.சி. பனலில் அது நன்றாகப் பிடிக்காது. அதற்கும் கார்பனுக்கும் எபொக்சி ரெசின்தான். எபொக்சி பொலியெஸ்டரின்மேல் நன்றாக நிற்கும். எபொக்சியின்மேல் பொலியெஸ்டர் ரெசின் நிற்பதை நம்ப முடியாது. எபொக்சி வேலைக்கு மேட்டை விட நெய்த பைபர் துணி நல்லது. மேட்டின் இழைகளைப் பிடித்திருக்கும் பசையைக் கரைப்பது பொலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீன். எபொக்சியில் அது இல்லை.

ஒட்டுப் போட்ட இடத்தை அடுத்த நாள் தேய்க்கலாம். ஆனால் ஒரு கிழமை வெயில் பட்ட பிறகே மூடுங்கள். இல்லாவிட்டால் அது சுருங்கி, ஒட்டின் ஓரம் கலரில் கோடாகத் தெரியும்.

பட்டி

பட்டி மெல்லியதாக, இரண்டு மூன்று தடவையாக. ஹார்டனரை நிறம் சீராகும்வரை தேய்த்துக் கலக்குங்கள், அடித்துக் கலக்கினால் காற்றுப் புகும். 'கெதியாக் காயட்டும்' என்று சிவப்பு ஹார்டனரைக் கூடப் போட்டால் அந்தச் சிவப்பு வெள்ளைக் கலரின்மேல் கறையாகத் தலைகாட்டும். நீளமான மரக்கட்டையில் 80, பிறகு 180 சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். விரலால் அமுக்கித் தேய்த்தால் குழி விழும். கண்ணை நம்பாதீர்கள். உள்ளங்கையைத் தட்டையாக வைத்து, ஒரு மெல்லிய துணிக்கு மேலாகத் தடவிப் பாருங்கள். கண் காட்டாத மேடு பள்ளத்தைக் கை சொல்லும்.

ஓரங்களையும் கதவு இடைவெளிகளையும் பனலைக் காரில் பூட்டிப் பார்த்தே முடியுங்கள். மேசையில் வைத்துச் சரிசெய்த பொனட் காரில் பூட்டினால் வேறு வளைவில் உட்காரும்.

மூடுவதும் ஊசித்துளையும்

இப்போது எபொக்சி ப்ரைமர். எட்ச் ப்ரைமரில் இருக்கும் அமிலம் உலோகத்தைக் கடிப்பதற்காகச் சேர்த்தது, பைபரில் அதற்கு வேலையே இல்லை. மலிவான என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) ப்ரைமர் சுருங்கி வெடிக்கும்.

அடிக்கும் நேரத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வெயில் ஏற ஏற அடித்தால், துளைகளுக்குள் இருக்கும் காற்று விரிந்து ஈரப் ப்ரைமரை ஊதிக் குமிழாக்கும். எனவே பனலை வெயிலில் வைத்துச் சூடேற்றி, மதியத்துக்குப் பின் நிழலுக்குள் கொண்டுவந்து, கை வைத்தால் இளஞ்சூடாக, சூடு இறங்கிக்கொண்டிருக்கும்போது அடியுங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ப்ரைமரைத் துளைக்குள் இழுத்துக்கொள்ளும். மாமா போட்டுக்கு ஜெல்கோட் பூசியதும் இதே நேரத்தில்தான். பின்னேரம் கச்சான் தூசு வருமே என்றால், ப்ரைமரை எப்படியும் தேய்க்கப்போகிறோம். கதவைச் சாத்திக்கொண்டால் போதும். அதற்கு முன் கொம்பிரசர் டாங்கின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். நம் காற்றில் அரை நாளிலேயே ஒரு கோப்பை சேரும்.

முதல் கோட் மெல்லியதாக, இரண்டாவது முழு ஈரமாக. காய்ந்ததும் ஊசித்துளைகள் கண்ணுக்குத் தெரியும். அவற்றின்மேல் இன்னொரு ப்ரைமர் அடித்து மூட முடியாது. ப்ரைமர் துளையின் விளிம்பில் பாலம் போல நின்று, பிறகு உடையும். அந்த இடத்தை 180இல் கரடாக்கி, மெல்லிய கிளேசிங் பட்டியைப் பிளேடின் மூலையால் துளைக்குள் அமுக்கி, அதே இழுவையில் மேலே இருப்பதை வழித்தெடுங்கள். ஒரு துளை, ஒரு அமுக்கு, ஒரு இழுப்பு. ஒரு பொனட்டில் இருநூறு துளை வந்தாலும் இப்படியே. எண்ணிக்கொண்டு செய்தால் அலுப்புத் தெரியாது.

பிறகு ஹார்டனர் கலக்கும் தடிப்பு ப்ரைமர் இரண்டு மூன்று கோட். ஒவ்வொன்றுக்கும் இடையில் டப்பாவில் சொன்ன நேரம் விடுங்கள். கூடுமானால் இரண்டு நாள் வெயில் காட்டுங்கள். அதன்மேல் கறுப்புத் தூளை மெல்லியதாகத் தூவி, கட்டையில் 240, 320, 400 என்று தேய்த்துக்கொண்டு வாருங்கள். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். பனல் முழுக்க மூடிவிட்டதால் இனி ஈரத்தில் தேய்க்கலாம். கடைசித் தேய்ப்பு சாதாரணக் கலருக்கு 600, மெட்டாலிக்குக்கு 800. ஓரங்களில் ப்ரைமர் தேய்ந்து பைபர் தெரிந்தால் அந்த இடத்தில் தண்ணீரை நிறுத்தி, காயவைத்து, மீண்டும் எபொக்சியால் மூடுங்கள்.

கலர் தெரிவு உங்களுடையது. ஆனால் கறுப்பும் கடும் நீலமும் கேட்பவர்களிடம் ஒன்றைச் சொல்வேன்: நம் ஏப்ரல் வெயிலில் கறுப்பு பொனட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ரெசின் இளகி இறுகி, மேட்டின் இழை வடிவம் மெதுவாக மேலே தெரியத் தொடங்கும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு எல்லாம் பைபரோடு நீண்ட காலம் ஒத்துப்போகும்.

கலர் அடிக்கும் காலை

முதல் நாள் பின்னேரமே பனலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விரித்த துணி மாதிரி முழுக்கப் படர்ந்து இறங்கினால் சுத்தம். சேம்பிலையில் நிற்பதுபோலத் துளித்துளியாகப் பிரிந்து நின்றால் அங்கே எண்ணெய் அல்லது மெழுகு இருக்கிறது. அந்த இடத்தை மீண்டும் இரண்டு துணி முறையில் துடையுங்கள். இரவு கொட்டகைக்குள்ளேயே இருக்கட்டும்.

காலை எட்டரை வரை பொறுங்கள். பனலில் பனி ஈரம் போய், கச்சான் எழுவதற்கு முன் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று மணிநேரம்தான் உங்கள் நேரம். தரையை நனைத்துவிடுங்கள். பைபரைத் துடைக்கத் துடைக்க நிலைமின்சாரம் ஏறித் தூசை இழுக்கும். தகரத்தில் அது நிலத்துக்கு இறங்கிவிடும், பைபரில் இறங்க வழியில்லை. அதனால் உலர்ந்த துணியால் வேகமாகத் தேய்க்காமல், துடைக்கும் திரவத்தில் நனைத்த துணியால் ஒரே திசையில் மெதுவாக இழுங்கள். ஐந்து நிமிடம் பொறுத்து, தூசு ஒட்டும் துணியை எடையே போடாமல் மேலாக ஒரு தடவை ஓட்டுங்கள். இனிப் பனலைக் கையால் தொடாதீர்கள். மாஸ்கைப் போட்டுக்கொண்டு கலரைக் கலக்கலாம்.